ஆகஸ்ட் 6 கூட்டம்: வந்தவர்கள் என்ன எடுத்துக்கொண்டு போகிறார்கள்?

விளக்குத்திரி (இழையைத் தொடங்கியவர்)

மூன்று வருடமாக ஆகஸ்ட் 6 அன்று நாங்கள் சிலர் சேர்ந்து ஹிரோஷிமா நினைவுக் கூட்டம் நடத்துகிறோம். முதல் வருடம் அறுபது பேர் வந்தார்கள். அடுத்த வருடம் நாற்பது. இந்த முறை எண்ணிப் பார்த்தேன், பதினேழு பேர். அதில் ஆறு பேர் நாங்களே.

ஆள் குறைந்ததுகூட எனக்கு அவ்வளவு வருத்தமில்லை. அன்று நடந்ததை நினைத்தால்தான் மனம் ஆறவில்லை. மெழுகுவர்த்தி ஏற்றினோம். ஒரு நிமிடம் மௌனமாக நின்றோம். இரண்டு பேர் பேசினார்கள், இருவருமே போர் வேண்டாம், அமைதி வேண்டும் என்றார்கள். அதை மறுக்கும் ஒருவர்கூட அந்த அறையில் இல்லை. காகிதக் கொக்குகளைச் சரம் கட்டித் தொங்கவிட்டோம், படம் எடுத்துக்கொண்டோம், கலைந்தோம். மறுநாள் யாருக்கும் செய்வதற்கு எதுவும் இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தீக்காயம் பட்டவர்களின் பெரிய புகைப்படங்களை வாசலிலேயே வைத்தது நான்தான். ஏழு வயது இருக்கும், ஒரு சிறுமி அதைப் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. அவள் அம்மா உள்ளே வராமலே திரும்பிப் போய்விட்டார். அது என் தவறு. அந்தக் குழந்தையின் முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

செப்டம்பர் 26 அணு ஆயுதங்களை முற்றாக ஒழிப்பதற்கான ஐ.நா. நாள். அன்று ஏதாவது செய்ய நினைக்கிறோம், ஆனால் இதே மாதிரி இன்னொரு கூட்டம் வேண்டாம். நடத்திப் பார்த்தவர்கள், போய்ப் பார்த்தவர்கள், இதெல்லாம் எதற்கு என்று நினைப்பவர்கள், எல்லோருமே மனம்விட்டுச் சொல்லுங்கள்.

கேள்விக்காரன்

கேட்டதால் சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இதெல்லாம் எதற்கு என்று நினைப்பவர்களில் நானும் ஒருவன்.

1945க்குப் பிறகு எந்தப் போரிலும் அணுகுண்டு போடப்படவில்லை. அதற்குக் காரணம் மெழுகுவர்த்தி இல்லை. நீ போட்டால் நானும் போடுவேன் என்ற பயம்தான். ஒன்பது நாடுகளிடம் இந்த ஆயுதம் இருக்கிறது. ஒன்றுகூட அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்தில் சேரவில்லை. முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் உங்கள் கூட்டத்துக்கு வரப்போவதில்லை. வருகிறவர்களுக்கோ முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் பாலம் எங்கே? அதைச் சொன்னால் நானும் யோசிப்பேன்.

பழுப்புக் காகிதம்

கேள்விக்காரன் கேட்ட பாலத்தைப் பற்றி எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1954 மார்ச் 1. பிகினி தீவில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. ஆபத்துப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட எல்லைக்கு வெளியே ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகு இருந்தது, அதில் 23 பேர். வெடித்துச் சிதறிய பவளத்தூள் வெள்ளைச் சாம்பலாக அவர்கள் மேல் பெய்தது. படகின் வானொலி இயக்குநர் அந்தச் செப்டம்பரில் இறந்தார். அதற்குள் ஜப்பானின் சந்தைகளில் கதிர்வீச்சு ஏறிய மீன்களை அள்ளிக் கொட்ட வேண்டிய நிலை. மீன் வாங்கவே மக்கள் அஞ்சினார்கள்.

டோக்கியோவில் சுகினாமி என்ற பகுதி. அங்கே பெண்கள் பொது மன்றத்தில் கூடிப் புத்தகம் படிப்பது வழக்கம். அரசியல் கட்சிக்காரர்கள் இல்லை, வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்தான். மீன் வியாபாரக் குடும்பத்துப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். கையெழுத்து வாங்கத் தொடங்கினார்கள். வீடு வீடாக, கடை கடையாக. சுமார் 4 லட்சம் பேர் வாழ்ந்த அந்தப் பகுதியில் சில வாரங்களில் ஏறக்குறைய 2 லட்சத்து 70 ஆயிரம் கையெழுத்துகள் சேர்ந்தன. அப்புறம் அது நாடு முழுக்கப் பரவியது. 1955 ஆகஸ்டில் ஹிரோஷிமாவில் அணுகுண்டுகளுக்கு எதிரான முதல் உலக மாநாடு கூடியபோது 3 கோடியைத் தாண்டிவிட்டது.

அது மட்டுமில்லை. அதுவரை ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் உயிர் தப்பியவர்கள் பெரும்பாலும் வாய் திறக்காமலே வாழ்ந்தார்கள். உடல்நோய் ஒரு பக்கம், மற்றவர்கள் ஒதுக்கியது இன்னொரு பக்கம். அந்த மாநாட்டு மேடைதான் அவர்களில் பலருக்குப் பேசும் துணிவைக் கொடுத்தது. மறு வருடமே, 1956ல், நிஹோன் ஹிடான்கியோ என்ற தங்கள் அமைப்பைத் தொடங்கினார்கள். 2024ல் அமைதிக்கான நோபல் பரிசு வாங்கியது அதே அமைப்புதான். புத்தகம் படிக்கக் கூடிய பெண்களிடமிருந்து அங்கே வரைக்கும் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள்.

இரண்டாவது கதை எனக்கு இதைவிடப் பிடித்தது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரம், 1958. வானத்தில் குண்டு சோதித்தால் ஸ்ட்ரான்சியம் 90 என்ற கதிரியக்கப் பொருள் மழையோடு இறங்கும். புல்லில் படியும், புல்லைத் தின்னும் பசுவின் பாலில் கலக்கும். உடம்பு அதைச் சுண்ணாம்புச் சத்து என்று நினைத்து எலும்பிலும் பல்லிலும் சேர்த்துக்கொள்ளும். இதை எப்படி நிரூபிப்பது? விஞ்ஞானிகளும் நகரத்து மக்களும் சேர்ந்து, விழுந்த பால்பற்களை அனுப்புங்கள் என்று பெற்றோர்களைக் கேட்டார்கள். பல் அனுப்பிய குழந்தைக்கு, என் பல்லை அறிவியலுக்குக் கொடுத்தேன் என்று ஒரு பொத்தான் வில்லை கிடைக்கும். 1970 வரை சுமார் 3 லட்சத்து 20 ஆயிரம் பற்கள் வந்தன. 1950ல் பிறந்த குழந்தைகளின் பல்லில் இருந்ததைவிட 1963ல் பிறந்தவர்களின் பல்லில் ஸ்ட்ரான்சியம் 90 ஏறக்குறைய 50 மடங்கு. முதல் முடிவுகள் 1961லேயே வெளிவந்தன. வானத்திலும் கடலிலும் விண்வெளியிலும் சோதனையைத் தடை செய்த ஒப்பந்தம் 1963ல் கையெழுத்தானது.

பல்தான் ஒப்பந்தம் போட வைத்தது என்று நான் சொல்லவில்லை. கியூபாவில் சோவியத் ஏவுகணைகளால் வந்த நெருக்கடியும் இருந்தது, வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் தன் குழந்தையின் பல்லைக் கடித உறையில் வைத்து ஒட்டிய ஒரு தாய்க்கு, அதன்பின் இது எங்கோ நடக்கிற விஷயமாக இருந்திருக்க முடியாது.

விளக்குத்திரி, உங்கள் கூட்டத்தில் எனக்குக் குறையாகத் தெரிவது இதுதான். வந்தவர் கையால் செய்த ஒன்று அந்த அறையைவிட்டு வெளியே போக வேண்டும், யாரிடமாவது போய்ச் சேர வேண்டும். உங்கள் கொக்குகள் அந்த அறையிலேயே தொங்குகின்றன.

வகுப்பறை ஜன்னல்

கொக்குகளை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. குழந்தைகளோடு வேலை செய்பவள் நான், அதனால் அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

சடாகோ சசாகியின் கதையை நாம் பாதியில் நிறுத்திவிடுகிறோம். குண்டு விழுந்தபோது இரண்டு வயது, பன்னிரண்டு வயதில் ரத்தப் புற்றுநோய், ஆயிரம் கொக்கு மடிக்க ஆசைப்பட்டாள், முடிவதற்குள் இறந்துவிட்டாள். முதலில் ஒரு திருத்தம்: ஆயிரத்தை அவள் எட்டவில்லை என்பது பிறகு கதையாக எழுதப்பட்டதில் வந்தது. ஆயிரத்தைத் தாண்டி மடித்துக்கொண்டே இருந்தாள் என்றுதான் அவள் குடும்பத்தார் சொல்கிறார்கள். கூட்டத்தில் சொல்லும்போது இதைச் சரியாகச் சொல்லுங்கள்.

விட்டுப்போகும் மீதிப் பாதி இது. 1955 அக்டோபர் 25 அன்று அவள் இறந்த பிறகு வகுப்புத் தோழர்கள் சும்மா இருக்கவில்லை. அவளுக்கும் குண்டால் இறந்த எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரு நினைவுச் சின்னம் வேண்டும் என்று துண்டுச் சீட்டு அச்சடித்தார்கள். ஹிரோஷிமாவில் கூடிய பள்ளித் தலைமையாசிரியர் மாநாட்டில் போய்க் கொடுத்தார்கள். பள்ளிக்குப் பள்ளி பணம் சேர்ந்தது, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள். 1958 மே 5 அன்று சிலை திறக்கப்பட்டது. இரண்டரை வருடத்தில் பிள்ளைகள் செய்து முடித்த காரியம். என் மாணவர்களிடம் இந்தப் பகுதியைச் சொல்லும்போதுதான் அவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். இறந்துபோன சிறுமிக்காக அழத்தான் முடியும். அவள் தோழர்களைப் பார்த்தால், நாமும் இதைச் செய்யலாமே என்று தோன்றும்.

இன்று அந்தச் சிலைக்கு வருடத்துக்குச் சுமார் ஒரு கோடிக் கொக்குகள் வந்து சேர்கின்றன. மொத்தம் பத்து டன் எடை. உங்கள் சரத்தைக் கழற்றி மடித்து அங்கே அனுப்புங்கள். பழுப்புக் காகிதம் சொன்ன கணக்குக்கும் அது சரியாகிவிடும், அறையைவிட்டு வெளியே போகும்.

அப்புறம் அந்தப் படங்கள். அவற்றை வைக்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். பெரியவர்களுக்கு அவை தேவை. ஆனால் பார்ப்பதா வேண்டாமா என்று ஒருவர் தானே முடிவு செய்யும்படி இருக்க வேண்டும். தனி அறை, வெளியே ஒரு அறிவிப்பு, பக்கத்தில் பேச ஒரு ஆள். பத்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தப்பிப் பிழைத்த மரங்களைக் காட்டலாம். குண்டு விழுந்த இடத்திலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் நின்று, கருகி, மறுபடி துளிர்த்த மரங்கள் ஹிரோஷிமாவில் இன்னும் இருக்கின்றன. அவற்றின் விதைகள் பல நாடுகளுக்குப் போய் முளைத்திருக்கின்றன. குழந்தை அங்கிருந்து கேள்வி கேட்கட்டும். கேட்கும் அளவுக்குப் பதில் சொல்லுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

கேள்விக்காரன்

பல் கதை எனக்குத் தெரியாது. படித்ததும் கொஞ்ச நேரம் எழுந்து போகவில்லை. ஆனால் கவனியுங்கள், பழுப்புக் காகிதம், நீங்கள் சொன்னது சோதனைக்கு எதிரான வெற்றி. 1963க்குப் பிறகு சோதனை பூமிக்கு அடியில் தொடர்ந்தது. குண்டுகள் கூடிக்கொண்டேதான் போயின. ஆயுதம் ஒன்றாவது குறைந்ததா?

பழுப்புக் காகிதம்

நியாயமான கேள்வி. 1963க்குப் பிறகு கூடியது உண்மை, 1986ல் உச்சத்துக்குப் போய் உலகம் முழுக்க 70,000 குண்டுகள் வரை இருந்தன. இன்று சுமார் 12,000. அதுவே இந்தப் பூமிக்கு மிக அதிகம்தான். ஆனால் தானாகக் குறையவில்லை.

1982 ஜூன் 12 அன்று நியூயார்க்கில் அணு ஆயுதத்துக்கு எதிராகப் பத்து லட்சம் பேர் திரண்டார்கள். அதே வருடம் டிசம்பர் 12 அன்று, அமெரிக்க அணு ஏவுகணைகள் வரவிருந்த இங்கிலாந்தின் கிரீன்ஹாம் காமன் விமானத் தளத்தைச் சுற்றி 30,000 பெண்கள் கைகோத்து நின்றார்கள். சுற்றளவு 14 கிலோமீட்டர். வேலியில் குழந்தைகளின் சட்டைகளையும் குடும்பப் படங்களையும் கட்டிவிட்டுப் போனார்கள். அங்கே வந்து இறங்கிய ஏவுகணைகள் 1987ல் அமெரிக்காவின் ரீகனும் சோவியத்தின் கோர்பசேவும் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி 1991க்குள் அகற்றப்பட்டன. அந்த ஒப்பந்தத்தில் இரு தரப்பும் அழித்தவை 2,692 ஏவுகணைகள். இங்கேயும் பெண்கள்தான் எல்லாம் செய்தார்கள் என்று மிகைப்படுத்த மாட்டேன். பேச்சுவார்த்தை மேசையில் இருந்தவர்கள் வேறு ஆட்கள். ஆனால் வெளியே அத்தனை பேர் நிற்கும்போது மேசையில் பேசுவது ஒரு மாதிரி, யாருமே நிற்காதபோது பேசுவது வேறு மாதிரி. 2019ல் அதே ஒப்பந்தம் கைவிடப்பட்டபோது எத்தனை பேர் வெளியே நின்றோம்? நான் நிற்கவில்லை.

கஜகஸ்தானையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே சோவியத் யூனியனின் செமிபலாடின்ஸ்க் தளத்தில் 1949 முதல் 1989 வரை 456 அணுச் சோதனைகள். 1989ல் கவிஞர் ஓல்ஜாஸ் சுலைமேனொவ் தொலைக்காட்சியில் கவிதை வாசிக்கப் போனவர், அதை விட்டுவிட்டுக் கதிரியக்கக் கசிவைப் பற்றிப் பேசினார். அங்கிருந்து எழுந்த இயக்கம் 1991 ஆகஸ்ட் 29 அன்று அந்தத் தளத்தையே மூட வைத்தது. இப்போது ஆகஸ்ட் 29 அணுச் சோதனைகளுக்கு எதிரான உலக நாள்.

பயம்தான் காப்பாற்றியது என்றீர்கள். செப்டம்பர் 26 என்றதும் எனக்கு வேறொன்று நினைவுக்கு வரும். 1983ல் அதே நாள் அதிகாலையில் சோவியத் எச்சரிக்கை மையத்தில் ஸ்தனிஸ்லாவ் பெத்ரோவ் பணியில் இருந்தார். அமெரிக்கா ஐந்து ஏவுகணைகளை ஏவிவிட்டதாகக் கருவி சொன்னது. இது கருவியின் பிழை என்று அவர் முடிவெடுத்தார். உயர்ந்த மேகங்களில் பட்ட சூரிய ஒளியைச் செயற்கைக்கோள் ஏவுகணை என்று எடுத்துக்கொண்டிருந்தது. அன்று நம்மைக் காப்பாற்றியது, பயத்தின்படி நடக்காத ஒரு மனிதர்.

வரிசையில் ஒருவன்

அகிம்சையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பத்து வருடமாக ஊர்வலங்களில் வரிசையைப் பார்த்துக்கொள்ளும் தொண்டராக இருக்கிறேன்.

அமைதி ஊர்வலம் என்று பெயர் வைத்தால் அமைதியாக நடந்துவிடும் என்று நினைக்கிறோம். இல்லை. ஒரு தடவை வழியில் ஒருவர் எங்களைப் பார்த்து தேசத்துரோகிகள் என்று கத்தினார். எங்கள் பக்கத்து இளைஞன் ஒருவன் பதாகைக் கம்போடு அவரை நோக்கி ஓடினான். நான் குறுக்கே போய் விழுந்து தடுத்தேன். அன்று இரவு யோசித்தேன், அவனை யாராவது பழக்கியிருந்தோமா? பதாகை எழுத மூன்று நாள் எடுத்தோம், வசைச்சொல்லை வாங்கிக்கொண்டு நிற்க ஒரு மணி நேரம்கூடப் பழகவில்லை.

1960ல் அமெரிக்காவின் நாஷ்வில்லில், கறுப்பினத்தவரை ஒதுக்கிய உணவகங்களில் உட்கார்ந்து போராடிய மாணவர்கள் மாதக்கணக்கில் பயிற்சி எடுத்திருந்தார்கள். ஜேம்ஸ் லாசன் நடத்திய பட்டறைகளில் ஒருவர் வசைபாடுவார், தள்ளுவார், மற்றவர் திருப்பி அடிக்காமல் இருக்கப் பழகுவார். அகிம்சை குணம் மட்டுமில்லை, பழக்கம். அதை நாம் ஒரு அரை நாள் நிகழ்ச்சியாகவே நடத்தலாம். இரண்டு இரண்டு பேராக நிற்க வேண்டும். ஒருவர் கத்த, மற்றவர் கண்ணைப் பார்த்து, குரலை ஏற்றாமல், ஒரு கேள்வி கேட்க வேண்டும். அப்புறம் இடம் மாற்ற வேண்டும். கத்துகிற இடத்தில் நிற்பவருக்கும் அதில் நிறைய விளங்கும். நான் செய்து பார்த்திருக்கிறேன், மூன்று மணி நேரம் போவதே தெரியாது, யாரும் பாதியில் எழுந்து போவதில்லை.

நெடுவழி

1962ல் சதீஷ் குமார், மேனன் என்ற இரண்டு இளைஞர்கள் டெல்லியில் காந்தி சமாதியிலிருந்து மாஸ்கோ, பாரிஸ், லண்டன், வாஷிங்டன் என்று நான்கு அணு ஆயுதத் தலைநகரங்களை நோக்கிக் கிளம்பினார்கள். கடலைத் தவிர மற்றதெல்லாம் நடைதான். வினோபா பாவே சொன்னபடி கையில் காசு இல்லை. வழியில் சோவியத் ஜார்ஜியாவில் தேயிலைத் தொழிற்சாலைப் பெண்கள் நான்கு பொட்டலம் தேயிலை கொடுத்தார்கள், நான்கு தலைவர்களுக்கும் ஒவ்வொன்று. பொத்தானை அழுத்தத் தோன்றினால் முதலில் ஒரு கோப்பை தேநீர் குடித்து யோசியுங்கள் என்பது செய்தி. அவர்கள் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அதே 1962ல் ராஜாஜி தள்ளாத வயதில் வாஷிங்டன் போய், சோதனைகளை நிறுத்துங்கள் என்று கென்னடியிடம் நேரில் கேட்டார். நம்மவர்கள் பலருக்கு இது தெரியாது, கூட்டங்களில் சொல்லப்படுவதும் இல்லை.

வகுப்பறை ஜன்னல்

பேச்சாளர்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஹிபாகுஷாக்கள், அதாவது அணுகுண்டிலிருந்து உயிர் தப்பியவர்கள், இன்று உயிரோடு இருப்பவர்களின் எண்ணிக்கை 2025ல் முதல் தடவையாக ஒரு லட்சத்துக்குக் கீழே வந்துவிட்டது. அப்போது சராசரி வயது 86. இப்படி ஆகும் என்று தெரிந்துதான் ஹிரோஷிமாவில் 2012 முதல் வேறொன்று செய்கிறார்கள். இளையவர் ஒருவர், தப்பிப் பிழைத்த ஒருவரிடம் நீண்ட காலம் கேட்டுப் பழகி, அவர் அனுபவத்தை அவர் சார்பில் சொல்லக் கற்றுக்கொள்கிறார். நாமும் பொதுவாக அமைதி, அமைதி என்று பேசுவதைவிட ஒருவரை எடுத்துக்கொண்டு அவரைப் பற்றி மட்டும் சொல்லலாம்.

நான் எடுத்துக்கொள்வது செட்சுகோ தர்லோவை. அப்போது 13 வயது. கட்டடம் சரிந்து அடியில் மாட்டிக்கொண்டார். இருட்டில் ஒரு ஆணின் குரல், விடாதே, வெளிச்சம் தெரியும் பக்கம் தவழ்ந்து வா என்றது. வந்துவிட்டார். உள்ளே இருந்த தோழிகள் பெரும்பாலோர் எரிந்துபோனார்கள். அவர் பள்ளியில் மட்டும் இறந்தவர்கள் 351 பேர். நான்கு வயது அக்கா மகன் எய்ஜி தண்ணீர் கேட்டபடியே இறந்தான். 2017ல், அணு ஆயுத ஒழிப்புக்காகப் பாடுபடும் ஐகேன் கூட்டமைப்புக்காக நோபல் மேடையில் நின்றபோது அவர் முதலில் நினைவுகூர்ந்தவர்களில் எய்ஜி ஒருவன். இதைப் பதினைந்து நிமிடம் நிதானமாகச் சொன்னால் போதும், தீக்காயப் படம் எதுவும் வேண்டியிருக்காது.

விளக்குத்திரி

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு எங்கள் ஆறு பேரும் உட்கார்ந்து இந்த இழையை முழுக்க வாசித்தோம். முடிவு செய்தது இவ்வளவு.

செப்டம்பர் 26 மாலை. முதலில் பெத்ரோவ் கதை, பிறகு செட்சுகோவின் கதை. வேறு பேச்சு இல்லை. அதன்பின் மேசையில் தாளும் பேனாவும். வந்தவர் ஒவ்வொருவரும் தன் தொகுதிப் பிரதிநிதிக்குக் கையால் கடிதம் எழுதுவார். கோரிக்கை இல்லை, ஒரே ஒரு கேள்வி: 2017ல் ஐ.நா.வில் 122 நாடுகள் வாக்களித்து நிறைவேற்றிய அணு ஆயுதத் தடை ஒப்பந்தம் பற்றி உங்கள் நிலை என்ன? கேள்வியாக எழுதினால் பதில் எதிர்பார்க்கலாம், பதில் வராவிட்டால் மறுபடி கேட்கலாம். அந்த ஒப்பந்தம் 2021 ஜனவரி 22 அன்று நடைமுறைக்கு வந்தது. அதனால் வருகிற ஜனவரி 22 அன்று மறுபடி கூடி, வந்த பதில்களையெல்லாம் வாசிப்போம். அடுத்த கூட்டத்துக்கு வரக் காரணமும் கிடைத்துவிடும்.

அமைதிக்கான மேயர்கள் அமைப்பில் 8,000க்கும் மேற்பட்ட நகரங்கள் இருக்கின்றன, நம் நகரமும் அதில் சேர வேண்டும் என்று மாநகராட்சியில் மனு கொடுக்கும் வேலையை எங்களில் இருவர் எடுத்துக்கொண்டார்கள். அகிம்சைப் பயிற்சி அக்டோபர் 2 அன்று, அது அகிம்சைக்கான உலக நாள். வரிசையில் ஒருவன் அண்ணா, நீங்கள் வந்து நடத்தித் தர முடியுமா?

வரிசையில் ஒருவன்

வருகிறேன். இருபது பேருக்கு மேல் வேண்டாம். நாற்காலிகளை ஓரமாக ஒதுக்கிவைக்க இடம் இருக்கட்டும்.

கேள்விக்காரன்

அச்சுறுத்தல் இல்லாமல் பாதுகாப்பு எப்படி என்ற கேள்விக்கு இன்னும் எனக்கு நிறைவான பதில் கிடைக்கவில்லை. பெத்ரோவ் விஷயம் மட்டும் இரண்டு நாளாக உறுத்துகிறது. செப்டம்பர் 26 அன்று என் பக்கத்தைச் சொல்ல எனக்குப் பத்து நிமிடம் தருவீர்களா? கடிதம் எழுதுவேனா என்று இப்போதே உறுதி சொல்ல முடியாது.

விளக்குத்திரி

பதினைந்து எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று வருடமாக எல்லோரும் ஒத்துப்போகும் கூட்டமாகவே நடத்திவிட்டோம். உங்கள் கேள்வி செட்சுகோவின் கதைக்குப் பிறகு, கடிதம் எழுதுவதற்கு முன் வரட்டும். எழுதுவதும் எழுதாததும் உங்கள் விருப்பம்.

கொக்குச் சரங்களைக் கழற்றிப் பெட்டியில் வைத்தாயிற்று, இந்த வாரம் ஹிரோஷிமாவுக்குக் கிளம்புகின்றன. அழுதுகொண்டு போன குழந்தையின் அம்மாவுடைய எண்ணைத் தேடிப்பிடித்து மன்னிப்புக் கேட்டு எழுதினேன். இந்த முறை வாசலில் அந்தப் படங்கள் இருக்காது, மரங்களின் படங்கள்தான் இருக்கும், பிள்ளைகளுக்கு விதை நடும் மேசை ஒன்றும் உண்டு என்று சொன்னேன். இன்னும் பதில் வரவில்லை.